பில் படிக்கும் நிரலுக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி: நனைந்த கட்டு ஒன்றை முன்வைத்து

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்தபோது, நான் கணக்கு மென்பொருள் பார்த்துக் கொடுக்கும் மளிகை மொத்தக் கடையின் குடோனிலும் தண்ணீர் ஏறியது. அரிசி மூட்டை போனது போக, மூன்று மாதக் கொள்முதல் பில்லும் ஊறிவிட்டது. அண்ணாச்சி அவற்றை மொட்டை மாடியில் செங்கல் வைத்துக் காயப் போட்டார். காய்ந்த கட்டை என்னிடம் தந்து, "தம்பி, உன் மெஷின் இதைப் படிக்கும்லா?" என்றார்.

படிக்கும் என்றுதான் நினைத்தேன். அதுவரை என் நிரல் சப்ளையர்கள் மெயிலில் அனுப்பும் பளிச்சென்ற பிடிஎஃப்களில் ஒரு தப்பும் செய்ததில்லை. இந்தக் கட்டில் 18,450 ரூபாய் பில் ஒன்றில் 8-ன் இடது பக்கம் மை கரைந்திருந்தது. நிரல் 13,450 என்று படித்து, எந்தச் சத்தமும் இல்லாமல் லெட்ஜரில் எழுதிவிட்டது. சப்ளையர் பாக்கி கேட்டு போன் செய்த அன்றுதான் தெரிந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. "தப்பா எழுதுததுக்கு, எழுதாமலே கெடக்கலாம்லா" என்றார்.

டெஸ்ட் என்பது விடை தெரிந்த உள்ளீட்டை நிரலிடம் கொடுத்து, சரியான விடை வருகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல். ஆவணங்களைத் தானாகப் படித்துக் கணக்கில் சேர்க்கும் எந்த நிரலுக்கும் நான் டெஸ்ட் எழுதுவது அண்ணாச்சியின் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். உதாரணங்கள் பைதான் மொழியிலும், அதில் டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட் என்ற கருவியிலும் இருக்கும். வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் வேலை ஒன்றுதான்.

படி 1: நிரலை முதலில் வெட்டுங்கள்

என் முதல் நிரல் ஒரே ஃபங்ஷன், அதாவது ஒரே கட்டளைத் தொகுதி, முந்நூறு வரிக்கு மேல். கோப்பைத் திறக்கும், படத்தை நேராக்கும், ஓசிஆர் (படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) ஓட்டும், தொகையைத் தேடும், லெட்ஜரில் எழுதும். இதற்கு டெஸ்ட் எழுத ஒவ்வொரு முறையும் நிஜப் படமும் நிஜ லெட்ஜரும் வேண்டும். அதனால் யாரும் எழுத மாட்டார்கள். நானும் எழுதவில்லை.

இப்போது ஆறு துண்டு: கோப்பை வாங்குவது, படத்தைச் சீராக்குவது, எழுத்தாக மாற்றுவது, தொகை, தேதி போன்ற புலங்களைப் பிரிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது. இதில் பிரிப்பதும் சரிபார்ப்பதும் ஹார்ட் டிஸ்க்கையோ இணையத்தையோ தொடவே கூடாது. எழுத்து உள்ளே போகும், விடை வெளியே வரும், அவ்வளவுதான். தப்புகளில் பெரும்பாலானவை ஒளிந்திருப்பது இந்த இரண்டு துண்டில்தான். டெஸ்ட் எழுதச் சுலபமானவையும் இவைதான், ஓட ஒரு நொடிகூட ஆகாது.

இன்னொன்று: "இன்றைய தேதி என்ன" என்று ஃபங்ஷன் உள்ளேயே கேட்காதீர்கள். தேதியை வெளியிலிருந்து கொடுங்கள். இல்லையென்றால் மார்ச் 31 ராத்திரி வரை பச்சை (தேறியது) காட்டிய டெஸ்ட், நிதியாண்டு மாறும் ஏப்ரல் 1 காலையில் சிவப்பாகிவிடும் (தோற்றது).

படி 2: மாதிரிக் கட்டு

அறுபது பில் போதும். ஆனால் கையில் வந்ததை அள்ளிப் போடாதீர்கள், தொந்தரவு பார்த்துப் பொறுக்குங்கள். வெளுத்துப்போன தெர்மல் தாள், கார்பன் நகல், டாட் மேட்ரிக்ஸ் அச்சு, மொத்தத் தொகையின் மேலேயே விழுந்த ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர் பின் கிழித்த மூலை, தலைகீழாக எடுத்த போன் படம், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது, இரண்டு பக்க பில்லில் ஒரு பக்கம் மட்டும். எங்கள் கட்டில் தண்ணீர்க் கறை பட்டவை மட்டும் இருபது.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே விடைக் கோப்பு ஒன்று வையுங்கள். எங்களுடையது இப்படி இருக்கும்:

பில் எண்: 0417
தேதி: 03-04-2024
வரிக்கு முன்: 347.80
மத்திய வரி: 8.70
மாநில வரி: 8.70
ரவுண்ட் ஆஃப்: -0.20
மொத்தம்: 365.00
முடிவு: எழுது

கடைசி வரியைக் கவனியுங்கள். மை கரைந்த அந்த 18,450 பில்லின் விடைக் கோப்பில் அது "முடிவு: நிறுத்து" என்று இருக்கிறது. படிக்க முடியாத பில்லை லெட்ஜரில் எழுதாமல், ஆள் பார்ப்பதற்காக நிறுத்தி வைப்பதும் சரியான விடைதான். இதை எழுதி வைக்காவிட்டால், டெஸ்டை ஜெயிக்க வைப்பதற்காக நிரலை ஊகிக்கப் பழக்கிவிடுவோம். நானே அதைச் செய்திருக்கிறேன்.

விடைகளை இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்யட்டும். நானும் கடையில் கணக்கு எழுதும் அக்காவும் செய்தோம். வித்தியாசம் வந்த இடங்களில் பாதிக்கு மேல் தப்பு என்னுடையது. அக்கா முப்பது வருஷமாக இந்தக் கையெழுத்துகளைப் படிக்கிறவர்.

நிரலைச் சேமித்து எல்லோரோடும் பகிரும் பொது கிட் கிடங்கில் நிஜ பில்களைப் போடாதீர்கள். போன் எண், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை மாற்றும்போது அதன் கடைசி எழுத்தைத் திரும்பக் கணக்கிட மறந்தால், நல்ல பில்லையும் நிரல் தள்ளிவிடும். ஏன் என்பது கீழே வருகிறது.

படி 3: சின்ன டெஸ்டுகள்

தொகையில் தொடங்குவோம். பைடெஸ்டில் பாராமெட்ரைஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே டெஸ்டுக்கு அட்டவணைபோல வரிசையாக உள்ளீடுகளைக் கொடுக்கலாம். என் தொகை அட்டவணையிலிருந்து சில வரிகள்:

"1,25,000.00" → 125000.00
"ரூ. 1,25,000/-" → 125000.00
"௧௨௫" → 125
"1,25,00" → நிறுத்து
"1.25.000" → நிறுத்து
"" → நிறுத்து

நான்காவது வரிதான் முக்கியம். காற்புள்ளிகளை எடுத்துவிட்டு எண்ணாக மாற்றும் சோம்பேறி நிரல் இதை 12,500 என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். உண்மையில் அது 1,25,000-ல் ஒரு சைபரை ஓசிஆர் விழுங்கிய பில். நம் ஊர்க் கணக்கில் கடைசிக் கூட்டம் மூன்று இலக்கம், அதற்கு முன்னால் இரண்டிரண்டு. அந்த அமைப்பு உடைந்திருந்தால் நிற்க வேண்டும். காற்புள்ளி குப்பையில்லை, சாட்சி.

மூன்றாவது வரி பைதானில் தானாகவே தேறும். எழுத்தை எண்ணாக்கும் அதன் இன்ட் ஃபங்ஷன் தமிழ் இலக்கங்களைப் புரிந்துகொள்ளும். ஆனால் பழைய முறையில் ௱௨௰௫ என்று எழுதினால் அதற்குத் தெரியாது, பிழை எழுப்பும். பத்துக்கும் நூறுக்குமான அந்தக் குறிகள் யூனிகோடில் இலக்கங்களாகச் சேர்க்கப்படவில்லை. மளிகை பில்லில் இது வராது. பழைய பத்திரங்களைப் படிக்க நிரல் எழுதுகிறவர்கள் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பைசா. தொகையை, பைசாவைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகையில் வைக்காதீர்கள், துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையில் வையுங்கள். ரவுண்ட் ஃபங்ஷனும் ஒரு கண்ணிதான். 1240.50-ஐ அதனிடம் கொடுத்தால் 1240 என்று சொல்லும், ஏனென்றால் பைதான் சரிபாதியை இரட்டைப்படை எண்ணின் பக்கம் தள்ளும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவோ ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ரூபாயாக ஏற்றச் சொல்கிறது. அதன்படி 1241. ஒரு ரூபாய்தானே என்று விட்டால், வருஷக் கடைசியில் அந்த ஒரு ரூபாயைத் தேடி மூன்று நாள் போகும்.

மேலே கொடுத்த 0417 பில்லைத் திரும்பப் பாருங்கள். 347.80-க்கு ஐந்து சதவீதம் 17.39. ஆனால் பில்லில் மத்திய வரி 8.70, மாநில வரி 8.70, சேர்த்து 17.40. இரண்டரை சதவீதம் 8.695 வருவதால் இரண்டும் தனித்தனியாக மேலே ஏறியிருக்கின்றன. பில் சரி. மொத்த வரியை ஒரே தடவையில் கணக்கிட்டு ஒப்பிடும் நிரல்தான் தப்பு. ஒரு பைசா வித்தியாசத்துக்கு நல்ல பில்களையெல்லாம் அது நிறுத்தும். பிறகு ஒரு நாள் எரிச்சலில் நீங்களே "ஐந்து ரூபாய் வரை பரவாயில்லை" என்று எழுதி, நிஜத் தப்புகளையும் உள்ளே விடுவீர்கள்.

தேதி. 03-04-24 என்றால் நமக்கு ஏப்ரல் 3. தேதி படிக்கும் டேட்யூட்டில் என்ற நூலகத்திடம் (பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல்) சும்மா கொடுத்தால் மார்ச் 4 என்று படிக்கும். ஒரு மாதம் மாறியதோடு போகாது, பில் பழைய நிதியாண்டுக்குப் போய்விடும். இதில் நயவஞ்சகம் என்னவென்றால், 13-04-24 என்று கொடுத்தால் 13-ஆவது மாதம் கிடையாதே என்று அதுவே புரிந்துகொண்டு ஏப்ரல் 13 என்று சரியாகச் சொல்லிவிடும். ஆகவே மாத நடுவில் எழுதிய டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். தேதி டெஸ்டில் 12-க்கு உட்பட்ட நாள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

வரி விகிதமும் தேதியைப் பொறுத்தது. பாக்கெட் மிக்சருக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. செப்டம்பர் 21 தேதியிட்ட ஒரு பில், 22 தேதியிட்ட ஒரு பில், இரண்டும் மாதிரிக் கட்டில் இருக்கட்டும். விகிதத்தை நிரலுக்குள் நேராக எழுதியிருந்தால் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் மாட்டும்.

படி 4: ஜிஎஸ்டி எண்ணைச் சாட்சியாக நிறுத்துங்கள்

பதினைந்து இடம். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. பிறகு ஓர் இடம், அடுத்தது வழக்கமாக இசட், கடைசி சரிபார்ப்பு எழுத்து.

எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்று தெரிந்திருப்பதால் ஓசிஆர் குழப்பங்களில் பாதியைத் தீர்க்கலாம். எட்டாம் இடத்தில் ஓ என்று படித்திருந்தால் அது சைபர். நான்காம் இடத்தில் 5 என்றால் அது எஸ். திருத்திய பிறகு சரிபார்ப்பு எழுத்தைக் கணக்கிடுங்கள். இலக்கங்களுக்கு 0 முதல் 9, எழுத்துகளுக்கு 10 முதல் 35 என்று மதிப்பு கொடுத்து, இடம் மாற்றி இடம் 1, 2 என்று பெருக்க வேண்டும். ஒவ்வொரு விடையையும் 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பதினான்கு இடத்துக்கும் வந்த கூட்டுத்தொகையை 36-ஆல் வகுத்த மீதியை 36-லிருந்து கழித்தால் வருவது சரிபார்ப்பு எழுத்தின் மதிப்பு. 36-ஏ வந்தால் அது சைபர்.

இந்த முறையில் எந்த ஓர் எழுத்து மாறினாலும் பிடிபடும். இதை நம்ப வேண்டாம், டெஸ்டாகவே எழுதுங்கள். ஹைப்பாதிசிஸ் நூலகம் இதற்கென்றே இருக்கிறது. "சரியான எண் ஒன்றை எடு, ஏதாவது ஓர் இடத்தை வேறொன்றாக மாற்று, நிரல் அதை மறுக்க வேண்டும்" என்று விதியை மட்டும் சொன்னால், அதுவே நூறு விதமாக மாற்றிப் பார்க்கும். தொகைக்கும் இதே வழி: ஏதோ ஓர் எண்ணை நம் ஊர்க் காற்புள்ளி போட்டு எழுதித் திரும்பப் படித்தால் அதே எண் வர வேண்டும். நான் கையால் எழுதிய அட்டவணையில் இல்லாத ஒன்றை முதல் ஓட்டத்திலேயே கண்டுபிடித்துக் கொடுத்தது. என் நிரல் கழித்தல் குறியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. சரக்கு திருப்பிய கிரெடிட் நோட்டெல்லாம் கொள்முதலாகப் போயிருக்கும்.

இங்கே செங்கோட்டை தாண்டினால் கேரளம். ஏலக்காயும் மிளகும் அங்கிருந்து வரும்போது சப்ளையர் எண் 32-ல் தொடங்கும், பில்லில் வெளிமாநில விற்பனைக்கான ஒருங்கிணைந்த வரி ஒன்றுதான் இருக்கும். 32-ல் தொடங்கும் எண்ணும் மத்திய, மாநில வரி இரண்டும் ஒரே பில்லில் வந்தால் எதையோ தப்பாகப் படித்திருக்கிறது என்று பொருள்.

படி 5: தமிழ் எழுத்து

இங்கேதான் ஆங்கில வழிகாட்டிகள் நம்மைக் கைவிடும்.

"சௌ" என்று தொடங்கும் பெயருள்ள சப்ளையர் ஒருவர் எங்கள் லெட்ஜரில் இரண்டு கணக்காக உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒன்றில் ஔகாரக் குறி முறையாக இருந்தது. இன்னொன்றில் யாரோ ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் "ள" என்ற எழுத்தையே டைப் செய்திருந்தார்கள். "சௌ", "செள" என்று இங்கேயே பக்கத்தில் பக்கத்தில் தந்திருக்கிறேன், கண்ணால் பிரிக்க முடிகிறதா பாருங்கள். யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் கொம்பும் காலும் தனித்தனியாக வந்த "கொ" போன்றவற்றைச் சேர்த்துவிடும். இந்த "ள" விவகாரத்தை அது தொடாது, ஏனென்றால் அதன் பார்வையில் "ள" ஒரு முழு எழுத்து. நிரலில் தனியாகக் கையாளுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் "வெள்ளம்" என்ற சொல்லிலும் கை வைத்துவிடும், அங்கே கொம்புக்கும் "ள"வுக்கும் முறையான வேலை இருக்கிறது. இரண்டுக்கும் டெஸ்ட் வேண்டும்.

"நெல்லை" கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதானுக்கு ஆறு. பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று எழுதினால் சில சமயம் புள்ளியை விட்டுவிட்டு வெட்டும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பைப் பிரதி எடுத்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும். தமிழ் பில் என்று வந்த கோப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயர்களுக்கும் ஒரு அட்டவணை வையுங்கள். திருநெல்வேலி, நெல்லை, பாளையங்கோட்டை, பாளை என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. ஆனால் அங்குள்ள சில கடைக்காரர்கள் அச்சடித்த பழைய பில் புத்தகம் தீரும்வரை "திருநெல்வேலி மாவட்டம்" என்றே போட்டார்கள். அஞ்சல் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தை வைத்தும் பிரிக்க முடியாது. பாளையங்கோட்டை 627002, தென்காசி 627811, இரண்டும் 627 தான்.

ஒரு உபரித் தகவல்: பைதான் 3-ல் ஃபங்ஷன் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பைடெஸ்டின் அமைப்புக் கோப்பில் முன்னொட்டை மாற்றிவிட்டால் "சோதனை" என்று தொடங்கும் ஃபங்ஷன்களை அது தேடி ஓட்டும். "சோதனை_மை_கரைந்த_தொகை_நிற்கவேண்டும்" என்று சிவப்பில் வந்தபோது, அதைப் படித்து என்ன கோளாறு என்று சொன்னது கணக்கு எழுதும் அக்காதான்.

படி 6: ஓசிஆரைத் தனியாக வையுங்கள்

டெசரக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது உங்கள் வேலை அல்ல. அறுபது படத்துக்கும் ஒருமுறை ஓட்டி, வந்த எழுத்தைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தினசரி டெஸ்டுகள் அந்தச் சேமித்த எழுத்தின் மேல் ஓடட்டும். நிஜ ஓசிஆர் வாரம் ஒருமுறை ராத்திரியில் ஓடினால் போதும். அதன் பதிப்பையும் தமிழ், ஆங்கில மொழிக் கோப்புகளின் பதிப்பையும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் கணினியைப் புதுப்பித்த மறுநாள் விடைகள் மாறி, குற்றம் யாருடையது என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

அந்த வாராந்திர ஓட்டத்தில் "எத்தனை சதவீத எழுத்து சரி" என்பதைப் பார்க்காதீர்கள். கடைப் பெயரில் ஒரு புள்ளி விட்டதும், தொகையில் ஒரு இலக்கம் மாறியதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். புலம் புலமாக நான்கு எண்ணிக்கை எடுங்கள்: சரியாக எழுதியது, சரியாக நிறுத்தியது, தேவையில்லாமல் நிறுத்தியது, தப்பாக எழுதியது. மூன்றாவது கூடினால் அக்காவுக்கு வேலை கூடும். நான்காவது மாதிரிக் கட்டில் ஒன்று வந்தாலும் டெஸ்ட் தோற்க வேண்டும்.

படி 7: கோப்பு வரும் வழி

பைடெஸ்ட் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தற்காலிக ஃபோல்டர் தரும், அதில் கோப்புகளைப் போட்டுப் பாருங்கள். சைபர் பைட் கோப்பு, பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப், பாதி நகலாகிக்கொண்டிருக்கும்போதே நிரல் எடுத்துவிட்ட கோப்பு, பிடிஎஃப் என்று பெயர் மாற்றிய ஜேபெக். எதுவும் மொத்த ஓட்டத்தை நிறுத்தக் கூடாது, எதுவும் காணாமல் போகவும் கூடாது.

இரட்டைப் பதிவுதான் பெரிய ஆபத்து. ஒரே கோப்பு இரண்டு முறை வந்தால் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண்) பார்த்துத் தடுக்கலாம். ஆனால் டிரைவர் ஒரு படமும் கடைப் பையன் ஒரு படமும் அனுப்பினால் இரண்டின் ஹாஷும் வேறு. ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் பதினாறு எழுத்துக்குள், ஒரு நிதியாண்டுக்குள் ஒருமுறைதான் வரும். ஆகவே சப்ளையர் ஜிஎஸ்டி எண், பில் எண், நிதியாண்டு மூன்றையும் சேர்த்ததுதான் அடையாளம். மார்ச் 31-ல் 0417, அடுத்த மாதம் ஏப்ரல் 3-ல் இன்னொரு 0417 என்று ஒரே சப்ளையரிடமிருந்து வந்தால் இரண்டையும் எழுத வேண்டும். அதே 0417 ஏப்ரல் 10-லும் வந்தால் நிற்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதையும் சோதியுங்கள். எழுதும் ஃபங்ஷனுக்குப் பதில், லெட்ஜரின் மூன்றாவது வரியை எழுதும்போது பிழை எழுப்பும் போலி ஒன்றைக் கொடுத்து, திரும்ப ஓட்டினால் முதல் இரண்டு வரி மறுபடி விழுகிறதா என்று பாருங்கள். என்னுடையது விழுந்தது.

படி 8: டெஸ்டையே சோதியுங்கள்

எல்லாம் பச்சையாக இருக்கும் ஒரு நாளில் வேண்டுமென்றே நிரலைக் கெடுங்கள். கூட்டலைக் கழித்தலாக்குங்கள், "நிறுத்து" வரியை எடுத்துவிடுங்கள். அப்போதும் பச்சையாகவே இருந்தால் அந்த இடத்தில் டெஸ்டே இல்லை என்று அர்த்தம். இதைத் தானாகச் செய்யும் கருவிகள் உண்டு, சின்ன நிரலுக்குக் கையால் அரைமணி நேரம் போதும்.

நிஜத்தில் ஒரு தப்பு வந்தால், திருத்துவதற்கு முன்னால் அந்தப் பில்லை மாதிரிக் கட்டில் சேர்த்து, டெஸ்ட் தோற்பதைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். எங்கள் கட்டு அறுபதில் தொடங்கியது, இப்போது தொண்ணூற்று மூன்று.

படி 9: ஒரு மாதம் நிழலாக ஓட்டுங்கள்

நிரல் எழுதுவது தனி எக்செலில் போகட்டும், அக்கா வழக்கம்போல லெட்ஜர் எழுதட்டும். தினமும் சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடுங்கள். நேரடியாக ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு சரிபார்ப்பை எடுக்காதீர்கள்: வந்தது எத்தனை, எழுதியது எத்தனை, நின்றது எத்தனை. பின்னிரண்டின் கூட்டல் முதலாவதோடு பொருந்தாவிட்டால் அன்றைய பதிவு எதுவும் லெட்ஜருக்குள் போகக் கூடாது.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடை அடைக்கும்போது அண்ணாச்சி போனுக்கு அந்த மூன்று எண்ணும் போகும். நேற்று வந்தது 84, எழுதியது 79, நின்றது 5. அந்த ஐந்தும் கல்லாப்பெட்டி பக்கத்தில் கம்பியில் குத்தி இருக்கின்றன. காலையில் அக்கா வந்து பார்ப்பார்.